செய்த சோதனையை எடுத்துச் சொல்லத் தெரியவில்லை: உடலியங்கியல் முதுநிலை மாணவியின் கேள்வி

பொருநை:

அனைவருக்கும் வணக்கம். விலங்கியலில் இளநிலைப் பட்டம் முடித்துவிட்டு, இப்போது ஒரு மருத்துவக் கல்லூரியில் மருத்துவ உடலியங்கியல் எம்.எஸ்சி. முதலாம் ஆண்டு படித்து வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். சென்ற மாதம் எங்கள் துறையில் எனக்கு ஒரு சிறு ஆய்வு கொடுத்தார்கள். இருபது தன்னார்வலர்களை ஒவ்வொருவராக அமர்த்தி, ஒரு கையைக் குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் வைத்திருக்கச் செய்து, இன்னொரு கையில் இரத்த அழுத்தத்தை அளந்து, கிடைத்த முடிவுகளைத் துறைக் கூட்டத்தில் எட்டு நிமிடத்தில் எடுத்துரைக்க வேண்டும் என்பதே பணி. பாடநூலில் உள்ளபடியே சிஸ்டாலிக் அழுத்தம் (இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம்) உயர்ந்தது. ஸ்லைடுகளையும் ஒழுங்காகத்தான் தயாரித்திருந்தேன்.

பேசி முடித்ததும் மூத்த ஆசிரியர் ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டார். கையை ஏன் ஒரு நிமிடம் வைத்தீர்கள், அரை நிமிடம் போதாதா? நீரின் வெப்பநிலை இருபது பேருக்கும் ஒன்றாகவே இருந்ததா? உங்கள் வரைபடத்தில் தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் கோடு எதைக் குறிக்கிறது? மூன்றுக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கடிந்து பேசவில்லை. "அடுத்த முறை பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னார். ஆனாலும் அன்று முழுவதும் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை.

ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்குப் போ, எல்லாம் சரியாகிவிடும் என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் என் குறை அது மட்டும்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்னும் சில மாதங்களில் ஆய்வேட்டுக்கான தலைப்பையும் சினாப்சிஸையும் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) கொடுக்க வேண்டும். ஆய்வுக் கேள்வியை எப்படிக் கண்டடைவது, செய்வதை எப்படிக் குறித்துவைப்பது, ஆய்வுக் கட்டுரையை எப்படிப் படிப்பது, செய்ததை மற்றவர்களுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது ஆகியவற்றை எங்கள் பாடத்திட்டத்தில் தனியாக யாரும் கற்றுத் தருவதில்லை. இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் நீங்கள் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.

பழைய ஆய்வகம்:

வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடலியங்கியல் செய்முறை வகுப்புகளை நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். முதலில், உங்களிடம் கேட்கப்பட்ட மூன்று கேள்விகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றி, வீட்டில் அம்மாவோ தம்பியோ கேட்பதாக நினைத்துக்கொண்டு, தமிழிலேயே பதில் சொல்லிப் பாருங்கள். சரளமாகச் சொல்ல முடிந்தால் உங்கள் சிக்கல் மொழிதான். தமிழிலும் தடுமாறினால், சிக்கல் மேடையில் தோன்றியது அன்று. அளவெடுத்த நாளிலேயே தோன்றிவிட்டது. நான் பார்த்த மாணவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகையினர்.

நாங்கள் படித்த காலத்தில் கைமோகிராஃப் இருந்தது. கார்ல் லுட்விக் 1847-இல் உருவாக்கிய அந்தக் கருவியில், பளபளப்பான தாளை உருளையில் சுற்றி, புகைச்சுடரில் காட்டிக் கரி படியச் செய்து, அதன்மேல் நெம்புகோலின் முனை கீறிச் செல்லும்படி வைப்போம். தவளையின் கெண்டைத்தசை ஒருமுறை சுருங்கி விரிவது அதில் ஒரு சிறு மேடுபோல் பதிவாகும். அதற்கு அடியிலேயே நொடிக்கு நூறு முறை அதிரும் இசைக்கவையின் அலைகளையும் பதிய வைப்போம். ஓர் அலை நூற்றில் ஒரு நொடி என்பதால், அலைகளை எண்ணியே தசை எவ்வளவு நேரம் சுருங்கியது என்று கண்டுபிடித்துவிடலாம். பதிவு முடிந்ததும் தாளை வார்னிஷில் முக்கி உலர்த்த வேண்டும். முக்குவதற்கு முன்னால் ஓர் ஊசியால் தேதி, தூண்டலின் அளவு, அறையின் வெப்பநிலை, தூண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறி எல்லாவற்றையும் அந்தக் கரியின்மேலேயே எழுதியாக வேண்டும். வார்னிஷ் காய்ந்த பின் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்க முடியாது. எழுத மறந்த தாளை எங்கள் ஆசிரியர் கையில் வாங்கவே மாட்டார். தசை எவ்வளவு அழகாகச் சுருங்கியிருந்தாலும் சரி. இன்று கணினி எல்லாவற்றையும் தானே சேமித்துவைப்பதால், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்ற எண்ணம் மாணவர்களுக்கு எளிதாக வந்துவிடுகிறது. கணினியோ தான் அளந்ததை மட்டும்தான் சேமிக்கும். தன்னார்வலர் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தார் என்பதை அது சேமிப்பதில்லை.

இப்போது உங்கள் சோதனைக்கு வருவோம். இந்தக் குளிர் அழுத்தச் சோதனையை 1930-களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஹைன்ஸ், பிரவுன் இருவரும் முறைப்படுத்தினார்கள். ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸ் நீரில் கையை ஒரு நிமிடம் வைத்து, 30-ஆவது நொடியிலும் 60-ஆவது நொடியிலும் அழுத்தத்தை அளப்பது அவர்களின் முறை. குளிரும் வலியும், ஆபத்து நேரத்தில் உடலை ஆயத்தப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலத்தைத் தூண்டுகின்றன, புறத் தமனிகள் சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது. அந்த ஏற்றம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தெளிவாகத் தெரிந்துவிடும். அதற்குமேல் கையை வைத்திருக்கச் சொல்வது தன்னார்வலருக்கு வலியைக் கூட்டுவதாகும். முதல் கேள்விக்கு இவ்வளவுதான் பதில். இதைத் தெரிந்துகொள்ள ஒரு மூலக் கட்டுரையைத் தேடிப் படித்திருந்தால் போதும். ரெக்கார்டு நோட்டில் இருக்கும் செய்முறையை அப்படியே செய்தவருக்குத்தான் "ஏன்" என்ற கேள்வி அதிர்ச்சியாக இருக்கும்.

அடுத்து, நீங்கள் தானியங்கிக் கருவியால் அளந்தீர்களா, காதில் ஸ்டெத்தாஸ்கோப் வைத்து அளந்தீர்களா என்று எழுதவில்லை. தானியங்கிக் கருவி ஒரு முறை அளந்து முடிக்கவே அரை நிமிடத்துக்கு மேல் எடுக்கலாம். கை நீரில் இருப்பது ஒரே நிமிடம். அப்படியென்றால் திரையில் தோன்றும் எண் எந்த நொடிக்குரியது? பொத்தானை 10-ஆவது நொடியில் அழுத்தினீர்களா, 25-ஆவது நொடியிலா? இதைக் குறித்துவைக்கவில்லை என்றால், ஒருவருக்கு ஏற்றத்தின் தொடக்கத்தையும் இன்னொருவருக்கு உச்சத்தையும் அளந்துவிட்டு இரண்டையும் ஒரே சராசரியில் சேர்த்திருப்பீர்கள். ஸ்டெத்தாஸ்கோப் வைத்து அளந்திருந்தால் வேறு இடர்கள் உண்டு. கைப்பட்டையில் உள்ள காற்றை நொடிக்கு 2 அல்லது 3 மி.மீ. பாதரசம் என்ற வேகத்தில்தான் இறக்க வேண்டும். அவசரமாக இறக்கினால் சிஸ்டாலிக் குறைவாகவும் டயஸ்டாலிக் (இதயம் தளரும்போது உள்ள அழுத்தம்) கூடுதலாகவும் பதிவாகும். அளப்பவரின் காது 120, 130 என்று பூச்சியத்தில் முடியும் எண்களையே தேடும். உங்கள் இருபது பேரின் அளவுகளில் எத்தனை எண்கள் பூச்சியத்தில் முடிகின்றன என்று இன்றிரவு எண்ணிப் பாருங்கள்.

ஆய்வுக் கேள்வியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். "குளிர்நீரில் கை வைத்தால் அழுத்தம் உயருமா" என்பது ஆய்வுக் கேள்வியாகாது. விடை தொண்ணூறு ஆண்டுகளாகத் தெரிந்ததே. ஆனால் இதே மேசையில், இதே கருவியை வைத்துக்கொண்டு, உங்களுக்கே உரிய கேள்விகளைக் கேட்க முடியும். கையை நீரில் வைக்கப் போகிறோம் என்று தெரிந்தவுடனேயே, கை நீரைத் தொடும் முன்பே, அழுத்தம் ஏறுகிறதா? அப்படி ஏறினால், நீங்கள் குளிரின் விளைவு என்று சொன்னதில் ஒரு பங்கு எதிர்பார்ப்பின் விளைவு அல்லவா? இதைச் சோதிக்க வெதுவெதுப்பான நீர் உள்ள இன்னொரு தொட்டியும், எந்தத் தொட்டி முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பதும் போதும். விடை "இல்லை" என்று வருவதற்கும் இடமுள்ள கேள்விதான் ஆய்வேட்டுக்குத் தகுதியான கேள்வி. தலைப்பைத் தேடி இணையத்தில் அலைவதைவிட, உங்கள் சொந்தப் பதிவில் பொருந்தாமல் நிற்கும் ஒரு எண்ணை எடுத்து, அது ஏன் அப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டே போவது நல்ல தொடக்கம்.

எத்திக்ஸ் கமிட்டிக்கான படிவங்களையும் ஒரு சடங்காக நினைக்க வேண்டாம். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் பெற வேண்டும். "கை கடுமையாக வலிக்கும், எந்த நொடியிலும் எடுத்துவிடலாம், எடுத்தால் உங்களுக்கு எந்த இழப்பும் இல்லை" என்பதை எட்டாம் வகுப்பு படித்த ஒருவருக்குத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். ஆய்வை எடுத்துரைக்கும் திறனுக்கு அதைவிடச் சிறந்த முதற்பயிற்சியை நான் கண்டதில்லை. உங்கள் தன்னார்வலர்கள் இளையாண்டு மாணவர்களாக இருந்தால், அவர்களால் உங்களிடம் "மாட்டேன்" என்று சொல்ல முடிந்ததா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

தமனிவளையம்:

ஐயா சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். நான் விலங்குத் திசுவில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எலியின் பெருந்தமனியைச் சிறு வளையங்களாக வெட்டி, 37 டிகிரி வெப்பநிலையில் கிரெப்ஸ் கரைசல் (உடல் திரவத்தை ஒத்த உப்புக் கரைசல்) நிரம்பிய உறுப்புக் குவளையில் இரு கம்பிக் கொக்கிகளுக்கு இடையே தொங்கவிட்டு, 95 விழுக்காடு ஆக்சிஜனும் 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயுவைக் குமிழவிட்டு, மருந்துகளுக்கு வளையம் எவ்வளவு இழுவிசை தருகிறது என்று அளப்பதே என் அன்றாட வேலை. கட்டுரை படிப்பது பற்றியும் குறிப்பேடு பற்றியும் நான் கற்றதைச் சொல்கிறேன்.

முதலாண்டில் நான் பெரிய தவறு ஒன்று செய்தேன். ஓர் எலியிலிருந்து நான்கு வளையங்கள் கிடைக்கும். மூன்று எலிகளில் பன்னிரண்டு வளையங்கள் அளந்துவிட்டு, மாதிரி எண்ணிக்கை 12 என்று போஸ்டரில் எழுதிவிட்டேன். பார்க்க வந்த ஒருவர், "இதில் எத்தனை விலங்குகள்?" என்று மட்டும் கேட்டார். ஒரே எலியின் நான்கு வளையங்களும் ஒரே உணவு உண்டு, ஒரே வயதில், ஒரே நாளில் எடுக்கப்பட்டவை. அவை நான்கு தனித்தனிச் சான்றுகள் ஆகமாட்டா. என் உண்மையான மாதிரி எண்ணிக்கை 3. அன்றிலிருந்து எந்தக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது எண்ணிக்கை எதைக் குறிக்கிறது என்பதைத்தான்: விலங்கையா, திசுத் துண்டையா, செல்லையா? பெயர்பெற்ற இதழ்களில் வந்த கட்டுரைகளில்கூட இது சில வேளைகளில் தெளிவாக இருப்பதில்லை.

ஜர்னல் கிளப்புக்கு (ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்ந்து விவாதிக்கும் கூட்டம்) கட்டுரை படிக்கும்போது, நான் சுருக்கத்தையும் விவாதப் பகுதியையும் ஒரு தாளால் மூடிவிடுவேன். முதல் படத்தை மட்டும் பார்த்து, அச்சுகள் எவை, அலகு என்ன, எதை எதனோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று ஒரு பத்தி நானே எழுதுவேன். பிறகு செய்முறைப் பகுதிக்குப் போய், இந்தப் படத்தை என் ஆய்வகத்தில் மீண்டும் உருவாக்க எனக்கு என்னென்ன தகவல் தேவை, அவற்றில் எவை அங்கே இல்லை என்று குறித்துக்கொள்வேன். கடைசியாகத்தான் ஆசிரியர்களின் விளக்கத்தைத் திறப்பேன். என் பத்தியும் அவர்களுடைய விளக்கமும் எங்கே பிரிகின்றனவோ, அங்கிருந்துதான் பேசுவதற்குரிய பொருள் கிடைக்கிறது. ஒரு கட்டுரைக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். முதலாண்டில் மாதம் இரண்டு கட்டுரைகளை இப்படிப் படித்தால் போதும் என்பது என் கருத்து.

விவாதப் பகுதியை எப்படி எழுதுவது என்பதற்கு ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் வெளியிட்ட கட்டுரையைப் படித்துப் பாருங்கள். கணவாய் மீனின் பெரும் நரம்பிழையில் மின்னழுத்தத்தை நிலைநிறுத்தி அளந்து, நரம்புத் துடிப்பை முழுவதும் கணித்துக் காட்டும் சமன்பாடுகளை எழுதியவர்கள் அவர்கள். 1963-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. இருந்தும், கணக்கும் அளவீடும் பொருந்துவதை வைத்து, தங்கள் சமன்பாடுகள் சவ்வின் ஊடுருவுதன்மை காலப்போக்கில் மாறுவதை விவரிப்பவை என்பதற்கு மேலாக எதையும் நிறுவிவிட்டதாகக் கொள்ளக் கூடாது என்று அக்கட்டுரையிலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய வெற்றியின் நடுவே அந்த வாக்கியத்தை முதன்முதலில் படித்தபோது, ஆய்வாளர் தம் எல்லையைத் தாமே சொல்லும்போது படிப்பவருக்கு அவர்மீது எவ்வளவு நம்பிக்கை பிறக்கிறது என்பதை உணர்ந்தேன்.

என் துறையில் தவறிய சோதனைக்கும் மதிப்பு உண்டு என்பதற்கு ராபர்ட் ஃபர்ச்காட் நல்ல சான்று. அவருடைய ஆய்வகத்தில் தமனித் துண்டைச் சுருங்கச் செய்யும் நோரெபிநெஃப்ரினை முதலில் இட்டு, அதை முழுவதும் கழுவிவிட்டு, பிறகு கார்பக்கோல் என்ற மருந்தை இட வேண்டும் என்பது திட்டம். தொழில்நுட்ப உதவியாளர் ஒரு நாள் கழுவ மறந்து கார்பக்கோலை இட்டுவிட்டார். சுருங்கும் என்று எதிர்பார்த்த தமனி தளர்ந்தது. அந்தப் பதிவைப் பாழான பதிவு என்று அவர்கள் தூக்கிப் போடவில்லை. நடந்தது நடந்தபடி அவர்கள் கையில் இருந்ததால், தொடர்ந்து தேடி, தமனியின் உட்பக்கச் செல்லடுக்கு சிதையாமல் இருந்தால்தான் தளர்ச்சி ஏற்படுகிறது என்று கண்டறிந்து 1980-இல் வெளியிட்டார்கள். அதுவரை பலரும் தமனியைப் பட்டையாக வெட்டும்போது அந்த மெல்லிய அடுக்கைத் தம்மை அறியாமலேயே உரசி அழித்துவிட்டிருந்தார்கள். தளர்ச்சியை உண்டாக்கும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னர் தெரிந்தது. 1998-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஃபர்ச்காட்டும் ஒருவர். ஆகவே பக்க எண் இட்ட, தாள் கழன்று விழாத ஒரு குறிப்பேட்டை இன்றே வாங்கிக்கொள்ளுங்கள். பேனாவால் எழுதுங்கள். தவறினால் ஒரே கோடாக அடியுங்கள். அடித்ததும் படிக்கத் தெரிய வேண்டும். பார்த்ததை இடப்பக்கத்திலும் நினைத்ததை வலப்பக்கத்திலும் எழுதுவது என் வழக்கம். இரண்டும் கலந்துவிட்டால் ஆறு மாதம் கழித்து எது பார்த்தது, எது நினைத்தது என்று எனக்கே தெரியாது.

கீரிமலை:

அன்புத் தங்கைக்கு, நான் இலங்கையில் மருத்துவ மாணவர்களுக்குப் புள்ளிவிபரவியல் கற்பிக்கிறேன். எங்கள் பக்கம் உங்கள் பாடத்தை உடற்றொழிலியல் என்போம். உங்களிடம் கேட்கப்பட்ட மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் எழுதவில்லை என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தூணின் தலையில் உள்ள கோடு திட்ட விலக்கமாகவும் இருக்கலாம், திட்டப் பிழையாகவும் இருக்கலாம். மென்பொருள் எதைத் தந்ததோ அதை அப்படியே விட்டுவிடுவது மாணவர்களிடம் நான் ஆண்டுதோறும் காணும் வழக்கம். திட்ட விலக்கம், உங்கள் இருபது பேரும் ஒருவரிலிருந்து ஒருவர் எவ்வளவு வேறுபட்டார்கள் என்பதைச் சொல்கிறது. திட்டப் பிழை, நீங்கள் கண்ட சராசரி எவ்வளவு துல்லியமானது என்பதைச் சொல்கிறது. திட்ட விலக்கத்தை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அது கிடைக்கும். எடுத்துக்காட்டாகத் திட்ட விலக்கம் 12 மி.மீ. பாதரசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதின் வர்க்கமூலம் ஏறக்குறைய 4.5, ஆகவே திட்டப் பிழை 2.7 தான். கோடு குட்டையாக, அழகாகத் தெரிகிறது என்பதற்காகத் திட்டப் பிழையைப் போட்டுவிட்டு, எதைப் போட்டோம் என்று எழுதாமல் விட்டால், இருபது பேரும் ஒரே மாதிரி நடந்துகொண்டார்கள் என்று பார்ப்பவர் நம்பிவிடுவார்.

ஆனால் உங்கள் ஆய்வுக்குத் தூண் வரைபடமே தேவையில்லை என்பேன். ஒரே ஆளை முன்னும் பின்னும் அளந்திருக்கிறீர்கள். இடப்பக்கம் முந்தைய அளவை ஒரு புள்ளியாகவும் வலப்பக்கம் பிந்தைய அளவை ஒரு புள்ளியாகவும் இட்டு, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். இருபது கோடுகள்தானே, ஒரு பக்கத்தில் தாராளமாக அடங்கும். அதைப் பார்த்த உடனேயே எல்லாக் கோடுகளும் ஒன்றுபோல் ஏறுகின்றனவா, அல்லது ஐந்தாறு பேர் செங்குத்தாக ஏறி மற்றவர்கள் ஏறாமல் இருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும். இவ்விரு நிலைமைகளும் ஒரே சராசரியைத் தரக்கூடும். உடற்றொழிலியல் நோக்கில் இரண்டும் வேறு வேறு செய்திகள். சிலருக்கு அழுத்தம் மிகுதியாகவும் சிலருக்குக் குறைவாகவும் ஏறுவது இச்சோதனையில் தொடக்கத்திலிருந்தே ஆய்வாளர்களை ஈர்த்துவந்த விடயம். உங்கள் தூண் அதை மறைத்துவிடும், கோடுகள் காட்டிவிடும்.

மேடையில் பேசுவதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்வது ஒன்று உண்டு. படத்தைத் திரையில் போட்டவுடன் முடிவைச் சொல்லாதீர்கள். "கிடை அச்சில் நேரம், நிலை அச்சில் சிஸ்டாலிக் அழுத்தம், ஒவ்வொரு கோடும் ஓர் ஆள்" என்று முதலில் அச்சுகளை வாசியுங்கள். பத்து வினாடிகள்தான் ஆகும். அந்தப் பத்து வினாடிகளில் அவையோருக்குக் கண் பழகிவிடும், உங்களுக்கும் மூச்சு நிதானப்படும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் முடிவை அவர்களே படத்தில் பார்த்துக்கொள்வார்கள். எட்டு நிமிடத்துக்கு இரண்டு படங்கள் போதும்.

இரவுப்பணி:

நான் உடலியங்கியலில் எம்.டி. படிக்கிறேன். மேலே எழுதியவர்கள் மொழியை மிக எளிதாகக் கடந்து செல்வதாக எனக்குத் தோன்றுகிறது. நானும் தமிழ் வழியில் படித்தவன். விடை தெரிந்தும் ஆங்கிலத்தில் வாக்கியம் அமையாமல் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) விழித்திருக்கிறேன். எனக்கு உதவியது பேச்சுப் பயிற்சி வகுப்பு அன்று. நல்ல கட்டுரைகளின் செய்முறைப் பகுதியிலிருந்து வாக்கியங்களைக் கையால் நகலெடுத்து, அதே அமைப்பில் என் சோதனையை எழுதிப் பழகினேன். அப்பகுதியில் வரும் வாக்கிய வகைகள் மிகச் சில. திரும்பத் திரும்ப அவையே வரும். நாற்பது, ஐம்பது வாக்கியங்கள் கைக்கு வந்த பிறகு வாயும் பழகிவிட்டது. எழுதிய வாக்கியங்களை அப்படியே கட்டுரையில் சேர்த்துவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கு நகலெடுப்பது வேறு, அதைத் தன் எழுத்தாகக் கொடுப்பது வேறு.

பொருநை:

இவ்வளவு பொறுமையாக எழுதிய உங்கள் எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி மூன்று கேள்விகளுக்கும் தமிழில் பதில் சொல்லிப் பார்த்தேன். முடியவில்லை. அதன் பிறகு, அளவெடுத்த நாட்களில் துண்டுத் தாள்களில் எழுதியவற்றை எல்லாம் தேடி எடுத்து ஒரு நோட்டில் வரிசைப்படுத்தினேன். நாற்பது அளவுகளில் பதினேழு பூச்சியத்தில் முடிகின்றன. நான் ஸ்டெத்தாஸ்கோப் வைத்துத்தான் அளந்தேன்.

இன்னொன்றும் தெரிந்தது. நீரின் வெப்பநிலையை ஒவ்வொரு நாளும் காலையில் ஒரே ஒரு முறைதான் குறித்திருக்கிறேன். முதல் நாள் வந்த ஆறு பேருக்கு இடையில் பனிக்கட்டி சேர்க்கவே இல்லை. கடைசியாக வந்தவர், "தண்ணீர் அவ்வளவு ஒன்றும் குளிரவில்லை" என்று சொன்னதை ஒரு மூலையில் எழுதிவைத்திருக்கிறேன். கீரிமலை அவர்கள் சொன்ன கோட்டு வரைபடத்தைக் கையாலேயே வரைந்து பார்த்தேன். அதிகம் ஏறாத கோடுகள் ஏழு. அவற்றில் நான்கு அந்த முதல் நாள் ஆட்களுடையவை. இப்போது என் சந்தேகம் இதுதான்: அந்த ஆறு பேரையும் நீக்கிவிட்டு மீதிப் பதினான்கு பேரை மட்டும் வைத்து அறிக்கையைத் திருத்தி எழுதலாமா?

பழைய ஆய்வகம்:

நீக்க வேண்டாம். முடிவைப் பார்த்த பிறகு, நமக்கு ஒத்துவராத ஆட்களை நீக்குவது எவ்வளவு நல்ல காரணத்தோடு செய்தாலும் தவறான பழக்கமாகவே முடியும். உங்கள் காரணம் நியாயமானதுதான். ஆனால் முதல் நாள் ஆட்கள் நன்றாக ஏறியிருந்தால் வெப்பநிலைக் குறிப்பை இப்படித் தேடியிருப்பீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இருபது பேரின் கோடுகளையும் வரையுங்கள். முதல் நாள் ஆறு பேருக்கு மட்டும் புள்ளிகளை வெற்று வட்டமாக இடுங்கள். செய்முறைப் பகுதியில், வெப்பநிலை நாளுக்கு ஒரு முறையே அளக்கப்பட்டது, முதல் நாளில் பனிக்கட்டி சேர்க்கப்படவில்லை, ஆகவே அன்று நீர் வெப்பமடைந்திருக்கக்கூடும் என்று மூன்று வாக்கியங்களில் எழுதிவிடுங்கள். இருபது பேருக்கான முடிவை முதலில் கொடுத்து, பதினான்கு பேருக்கான கணக்கை அதற்குக் கீழே தனியாகக் காட்டலாம். இது பின்னர் செய்த கணக்கு என்பதையும் அங்கேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

அந்தத் தன்னார்வலர் சொன்னதை மூலையில் எழுதிவைத்தீர்களே, அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். சினாப்சிஸ் எழுதும் முன்பு கைடிடம் கேட்டுக்கொண்டு ஒரு பிற்பகல் மட்டும் செலவிட்டு, ஆளே இல்லாமல் தொட்டியை மட்டும் வைத்து ஒரு சோதனை செய்யுங்கள். பனிக்கட்டி இட்ட நீரைக் கலக்காமல் விட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மேலும் அடியிலுமாக இரண்டு இடங்களில் வெப்பநிலையைக் குறியுங்கள். அடுத்த முறை கலக்கிக்கொண்டே குறியுங்கள். இரண்டு வரிசை எண்களையும் ஒரு வரைபடமாக இங்கே பகிர்ந்தால், ஓர் ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் இடையில் எவ்வளவு பனிக்கட்டி சேர்க்க வேண்டும் என்பதைச் சேர்ந்து முடிவு செய்யலாம்.